சாயக்கழிவுக்கு ஆகாயத்தாமரை போதுமா?

கேள்வி: சிறிய சாயப்பட்டறை நடத்துகிறேன். தினமும் சுமார் 10,000 லிட்டர் கழிவுநீர் வெளியேறுகிறது. குளம் வெட்டி ஆகாயத்தாமரையை வளரவிட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். நம்பி இறங்கலாமா?

பதில்: அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். உங்கள் கழிவில் பெரிய சிக்கல் உப்பு. பருத்திக்குச் சாயம் ஏற்றப் போடும் உப்பு முழுக்கத் தண்ணீரோடுதான் வெளியே வருகிறது. அதை எந்தச் செடியும் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எடுக்காது. போதாக்குறைக்கு, செடிகள் தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்கிவிடும், உப்பு அப்படியே தங்கிவிடும். லிட்டருக்கு 4,000 மில்லிகிராம் உப்போடு 10,000 லிட்டர் உள்ளே போய், அதில் 2,000 லிட்டர் ஆவியானால், வெளியே வருவது லிட்டருக்கு 5,000 மில்லிகிராம். அவ்வளவு உவர்ப்பில் ஆகாயத்தாமரையும் தாக்குப்பிடிக்காது. உப்பு அதிகமுள்ள சாயத்தொட்டி நீரைத் தனியாகப் பிரித்து, அதற்கு எதிர்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ. வடிகட்டல்) போன்ற வேறு வழிதான் பார்க்கவேண்டும்.

அப்படியானால் செடிகள் எதற்கு? சாயமேற்றிய துணியை அலசும் நீருக்கு. ஒரு செடியைப் பிடுங்கி வேரைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். அந்தப் பாசிபோன்ற படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள்தான் கரிமக் கழிவைத் தின்கின்றன. செடி அவற்றுக்கு வீடும் கொஞ்சம் ஆக்சிஜனும் தருகிறது. குரோமியம், தாமிரம் போன்ற உலோகங்களை வேரே பிடித்துவைக்கும்.

திறந்த குளத்தைவிட, சரளைக்கல் நிரப்பி அதில் செடி நட்ட படுகையைத்தான் நான் சொல்வேன். தண்ணீர் கல்லுக்கு அடியிலேயே ஓடுவதால் கொசுத்தொல்லை குறைவு. நாணல், சம்பு இரண்டும் ஓரளவு உவர்ப்பையும் தாங்கும். இடம்தான் இடிக்கும். அலசும் நீர் மட்டும் 7,000 லிட்டர் என்று வைத்து, 7 நாள் தங்கவைத்தால் 49 கன மீட்டர். சரளையில் சுமார் 40 சதவீதமே இடைவெளி, ஆழம் 60 சென்டிமீட்டர். ஆக 200 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். அடியில் நீர் கசியாத விரிப்பு கட்டாயம். படுகைக்கு முன்னால் நூல்துணுக்கு வடிகட்டல் இல்லாவிட்டால் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்; காரத்தன்மையைச் சமன்செய்யும் தொட்டி இல்லாவிட்டால் செடியும் பாக்டீரியாவும் தாங்காது.

நிறம் போய்விட்டதே என்று ஏமாறாதீர்கள். அசோ சாயங்கள் (துணிக்கு அதிகம் போடும் ஒரு செயற்கைச் சாயவகை) ஆக்சிஜன் இல்லாத இடத்தில் உடைந்து அமீன்கள் என்ற நிறமற்ற வேதிப்பொருட்களாகும். அவற்றில் சில நச்சு. வெளியேறும் நீரை ஆய்வகத்தில் சோதிப்பதுதான் வழி. வெட்டும் தழையையும் உலோகச் சோதனை செய்யாமல் மாட்டுக்குப் போடாதீர்கள், உரக்குழியிலும் தள்ளாதீர்கள்.

செலவுசெய்யும் முன் மூன்று வாளி எடுங்கள். அலசும் நீரை ஒன்றில் கால்பங்கு, ஒன்றில் பாதி, ஒன்றில் முழுசாக ஊற்றி, மீதிக்கு நல்ல தண்ணீர் விட்டு, வேர்பிடித்த சம்பை வையுங்கள். இரண்டு வாரம் இலை நுனியைக் கவனியுங்கள். கால்பங்கு வாளியிலேயே நுனி கருகினால் பள்ளம் வெட்டும் கூலியாவது மிச்சம்.