வீட்டுத் தோட்டத்தில் ஹாப்ஸ் கொடியை வளர்க்க முடியுமா?

பியருக்குக் கசப்பையும் மணத்தையும் தரும் ஹாப்ஸ் கொடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க முடியுமா, முடியுமென்றால் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஹாப்ஸ் சாகுபடிக்குப் பெயர்பெற்ற வில்லமெட் பள்ளத்தாக்கில், வீட்டின் தென்புறச் சுவரோரம் இக்கொடியை வளர்த்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: இடம் பொருந்திவிட்டால் வளர்ப்பது எளிது.

மண்ணைவிடப் பகலின் நீளமே இதற்கு முக்கியம். கோடையின் நீண்ட பகல்களில் ஐந்தாறு மீட்டர் உயரம் ஏறி, பகல் குறையத் தொடங்கியதும் பூத்து, குளிர்காலத்தில் தரைக்கு மேலே முழுவதும் காய்ந்து வேர் மட்டும் உறங்குவது இக்கொடியின் இயல்பு. வணிகச் சாகுபடி பெரும்பாலும் 35 முதல் 55 பாகை வரையிலான அட்சரேகைகளுக்குள் நடப்பதற்கு அதுவே காரணம். இங்கே ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். சென்னையின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. ஊட்டியின் குளிர் இந்தக் குறையை ஈடுசெய்யாது. கொடி குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும் என்பதால் நல்ல விளைச்சலை எதிர்பார்க்க இயலாது. இந்தியாவில் ஹாப்ஸ் பயிரிடப்பட்ட இடம் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு.

ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனியானவை. நமக்குத் தேவையான பூங்கூம்புகள் பெண் கொடியில்தான் வரும். ஆகவே விதையை நம்பாமல், பெயர் தெரிந்த ஒரு வகையின் தரைக்கீழ்த் தண்டை வாங்கி, ஏப்ரல் மாதத்தில் மக்கிய உரம் கலந்த மேட்டுப்பாத்தியில் ஒரு மீட்டர் இடைவெளியில் நடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, ஆரிகனிலேயே உருவாக்கப்பட்டு 1972இல் வெளியிடப்பட்ட கேஸ்கேட். முதல் ஆண்டில் கொடி வேர்பிடிப்பதிலேயே முனைப்பாக இருக்கும், கூம்புகள் சொற்பமே.

இக்கொடிக்குப் பற்றுக்கம்பிகள் கிடையாது. தண்டில் உள்ள, கீழ்நோக்கி வளைந்த சொரசொரப்பான முடிகளால் கயிற்றைப் பற்றி, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் செல்லும் திசையில் சுற்றிக்கொண்டு ஏறும். வெறுங்கையால் கீழிருந்து மேலாகத் தடவினால் தோல் கீறிச் சிவந்துவிடும் என்பதால் கையுறை அவசியம். வழுவழுப்பான நைலானைவிடத் தேங்காய்நார்க் கயிறு நன்றாகப் பிடிகொடுக்கும். இப்பகுதியின் பெரும் பண்ணைகளில் இலங்கையிலிருந்து வரும் தேங்காய்நார்க் கயிறுகள் கட்டப்பட்டிருப்பதைப் பார்ப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. கயிற்றுக்கு இரண்டு மூன்று தளிர்களை மட்டும் ஏற்றிவிட்டு மற்றவற்றை வெட்டிவிடுங்கள். வெட்டிய இளந்தளிர்களை வதக்கிச் சாப்பிடலாம்.

ஈரமான வசந்தகாலத்தில் அடிச்சாம்பல் நோய்தான் பெரிய எதிரி. வெளிறிக் குறுகி, இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டு நிற்கும் தளிரைக் கண்டால் உடனே தரையோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். கொடி உச்சியை எட்டியபின் அடிப்பகுதியின் ஒரு மீட்டர் உயரத்துக்கு இலைகளைக் கழித்துவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும்.

உண்மையான கவனம் அறுவடையில்தான் வேண்டும். ஆகஸ்ட் இறுதியிலிருந்து நாள்தோறும் ஒரு கூம்பைப் பறித்து அழுத்திப் பாருங்கள். முற்றாத கூம்பு ஈரப்பதத்துடன் அமுங்கியபடியே இருக்கும். முற்றியது காகிதம்போல் சரசரத்து, விரலை எடுத்ததும் விரிந்துகொள்ளும். நீளவாக்கில் பிளந்தால் இதழ்களின் அடியில் பிசுபிசுப்பான மஞ்சள் துகள் தெரியும். லுபுலின் எனப்படும் அதில்தான் கசப்பும் மணமும் இருக்கின்றன. கேஸ்கேடில் பம்பளிமாஸ் தோலை நினைவூட்டும் மணம் வரும். வெங்காய வாடை வந்தால் பருவம் கடந்துவிட்டது என்று பொருள்.

பறித்தவற்றை வெயிலில் காயவைக்காமல், நிழலில் வலைத்தட்டில் பரப்பி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். கூம்பின் நடுக்காம்பு வளையாமல் ஒடிந்தால் போதுமான அளவு உலர்ந்துவிட்டது. பிறகு காற்றுப்புகாத பைகளில் அடைத்து உறைபெட்டியில் வைக்க வேண்டும்.

வீட்டில் நாய் இருந்தால் கூம்புகளையும், பியர் காய்ச்சியபின் எஞ்சும் சக்கையையும் அது அணுக முடியாதபடி வையுங்கள். அவற்றைத் தின்ற நாய்க்கு உடல்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிகளுக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.