இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் ஒரே ஒரு தடவை

கேள்வி: எனக்கு வயது 34. இடது கெண்டைக்காலில் சின்ன வயதிலிருந்தே ஒரு மச்சம் இருக்கிறது. நாலைந்து மாதமாக அது கொஞ்சம் பெரிதாகி, ஒரு பக்கம் மட்டும் கறுத்ததுபோலத் தெரிகிறது. தோல் டாக்டரிடம் காட்டினேன். வெறும் கண்ணால் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “சாதாரண மச்சம்தான், கவலைப்படாதீங்க” என்று அனுப்பிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. தினமும் போட்டோ எடுத்து ஒப்பிடுகிறேன், போனில் 200 படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ராத்திரியில் இணையத்தில் தோல் புற்றுநோய்ப் படங்களைப் பார்த்துவிட்டுத் தூக்கமே வருவதில்லை. இன்னொரு டாக்டரிடம் போனால் முதல் டாக்டரை அவமதித்ததாகுமா? வெட்டி எடுத்தால் கத்தி பட்டுப் பரவிவிடும் என்று வீட்டில் வேறு பயமுறுத்துகிறார்கள்.

பதில்: போய்க் காட்டுங்கள். இதில் அவமதிப்பு எதுவும் இல்லை. எனக்கே உடம்பில் ஒன்று சந்தேகமாக இருந்தால் சக டாக்டரிடம்தான் காட்டுவேன்.

உங்கள் முதல் டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கலாம். பல வருடம் தோலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பெரும்பாலான மச்சங்களை அடையாளம் காண இரண்டு நிமிடம் தாராளம். ஆனால் நீங்கள் “மாறியிருக்கிறது” என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவாவது டெர்மட்டோஸ்கோப் வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கையடக்கமான கருவி அது. தோலின் மேல் பளபளப்பை அடக்கிவிட்டு, அடியில் நிறமி படிந்திருக்கும் விதத்தைச் சுமார் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வெறும் கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிவது அதில் வலைபோலவோ புள்ளிபுள்ளியாகவோ பிரிந்து தெரியும். ஆகவே அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே “டெர்மட்டோஸ்கோப்பில் பார்ப்பார்களா?” என்று கேட்டுவிடுங்கள். அது இல்லாத இன்னோர் இடத்துக்குப் போனால் இன்னொரு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், உங்கள் சந்தேகம் அப்படியே இருக்கும்.

மச்சம் மாறுவதெல்லாம் ஆபத்தில்லை. பருவ வயதிலும் கர்ப்ப காலத்திலும் சிலருக்குக் கறுக்கும், பெரிதாகும். வயது ஏற ஏற மெத்தென்று மேலெழும்பி வெளிறிப் போகும், நடுவில் முடிகூட முளைக்கும். இவை வருடக் கணக்கில் நடப்பவை. வாரங்களிலோ மாதங்களிலோ நடக்கும் மாற்றத்தைத்தான் நாங்கள் கூர்ந்து பார்ப்போம். இரு பாதியும் ஒத்துப்போகாத வடிவம், கரை மங்கிய அல்லது பிசிறடித்த விளிம்பு, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் என்று நான்கு அடையாளங்களை 1985-ல் நியூயார்க் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் சொன்னார்கள். ஐந்தாவதாக ‘மாற்றம்’ சேர்ந்தது 2004-ல்தான். அந்த 6 மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டு ஸ்கேலும் கையுமாக உட்காராதீர்கள். அதைவிடச் சின்னதாக இருந்து புற்றானதும் உண்டு, அதைவிடப் பெரிதாக இருந்து ஒன்றுமில்லாததும் ஏராளம். எனக்கு அதிகம் உதவுவது வேறொன்று: ஒருவர் உடம்பிலுள்ள மச்சங்கள் அண்ணன் தம்பிபோல ஒரு சாயலில் இருக்கும். அந்தச் சாயலில் சேராமல் தனித்து நிற்கும் ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன்.

இரண்டாவது டாக்டர் மூன்றில் ஒன்றைச் சொல்வார். ஒன்றுமில்லை என்று விட்டுவிடலாம். படம் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லலாம். இதைத் தட்டிக்கழிப்பதாக நினைக்காதீர்கள், அதே கருவியில் அதே இடத்தை மறுபடி பார்த்து ஒப்பிடுவதும் ஒரு பரிசோதனைதான். அல்லது எடுத்துவிடலாம் என்பார். மரத்துப்போகும் ஊசி போட்டு, மச்சத்தைச் சுற்றி இரண்டு மில்லிமீட்டர் போல நல்ல தோலும் சேர்த்து முழுதாக எடுத்து, திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

கத்தி பட்டால் பரவும் என்பது உண்மையில்லை. முற்றிய நிலையில் வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பிழைக்காமல் போனதைப் பார்த்தவர்கள் பழியைக் கத்தியின் மேல் போட்டுவிட்டார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் ஆபத்தை முதலில் தீர்மானிப்பது அது தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான். எடுத்துப் பார்க்காமல் அந்த ஆழம் தெரியாது. சந்தேகமுள்ள மச்சத்தை லேசரில் சுடுவதையும், மரு உதிர்க்கும் மருந்து வைத்துக் கரைப்பதையும்தான் செய்யவே கூடாது. பரிசோதிக்கத் திசு மிஞ்சாது.

திசு அறிக்கை புற்றா இல்லையா என்று சொல்ல முடியாத ‘இரண்டுங்கெட்டான்’ ரகமாக வந்தால், இரண்டாவது கருத்து உண்மையிலேயே விலைமதிப்புள்ளதாவது அப்போதுதான். சில மச்சங்களில் திசுவைப் பரிசோதிக்கும் தேர்ந்த பேத்தாலஜிஸ்டுகளே ஒருவருக்கொருவர் மாறுபடுவார்கள். மறுபடி வெட்ட வேண்டியதில்லை. அதே ஸ்லைடையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் வாங்கி, தோல் திசுவில் அனுபவமுள்ள இன்னொருவருக்கு அனுப்பினால் போதும்.

இனி அந்த 200 படங்களுக்கு வருகிறேன். ஒரு பெண்மணி, கையிலிருந்த மச்சம் ஒரு பக்கம் கறுத்துவிட்டதென்று பதறிக்கொண்டு வந்தார். வளர்கிறதா என்று பார்க்க, தினமும் பால்பாயின்ட் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அழுத்தித் துடைத்தேன், அந்தப் ‘புதுக் கறுப்பு’ பஞ்சோடு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். உங்கள் போன் காமிராவும் அந்தப் பேனா மாதிரிதான். நாலு விரல்கடை கிட்டே போனால் மச்சம் பெரிதாகும், டியூப்லைட்டுக்குக் கீழே கறுக்கும், போதாததற்குப் போனே விளிம்பைக் கூர்மையாக்கித் தரும். அடிக்கடி தடவிப் பார்த்தால் தோல் சிவந்து தடிக்கும், அதுவும் ஒரு ‘மாற்றமாக’த் தெரியும்.

எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். இந்த மச்சம் தெரிகிற மிகப் பழைய படம் ஏதாவது இருந்தால் அதையும், பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இந்த வாரம் எடுத்த ஒன்றையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படம் அடுத்த மாதம். இடையில் தானாக ரத்தம் கசிந்தாலோ, புண்ணாகி வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தாலோ, கெட்டியான மேடாகி வளர்ந்துகொண்டே போனாலோ மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம், அந்த வாரமே போங்கள்.

டெர்மட்டோஸ்கோப்பில் பார்த்து ஒன்றுமில்லை என்றான பிறகும், அதே மச்சத்தை மூன்றாவது, நான்காவது டாக்டரிடம் கொண்டுபோகத் தோன்றினால் அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு “ஒன்றுமில்லை”யும் தரும் நிம்மதி ராத்திரிவரைகூடத் தாங்காது. அப்போது பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர். “எல்லாம் உங்கள் பிரமை” என்று நான் சொல்லவில்லை. நோய் பயமும் மருத்துவம் உள்ள பிரச்சினை. திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கும் பேச்சு சிகிச்சை அதற்கு நன்றாகவே கேட்கிறது. தூக்கம் இப்போதே போகிறதென்றால், மச்சத்தின் முடிவு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

போகும்போது முதல் டாக்டரின் சீட்டைப் பையிலேயே வைத்திருங்கள். புதியவர் பார்த்து, தன் கருத்தைச் சொன்ன பிறகு எடுத்துக் கொடுங்கள். முன்னாலேயே கொடுத்தால் அவர் கண்ணும் அந்த வழியிலேயே போகும். கெண்டைக்காலோடு விடாமல், முதுகு உட்பட உடம்பு முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். மாநிறமும் கறுப்புமான தோலில் மெலனோமா அபூர்வம், வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடங்களில்தான் அதிகம் வரும். நகப்பூச்சு போட்டிருந்தால் முந்தின நாளே அழித்துவிட்டுப் போங்கள்.