அடுத்த பாடத்தைத் திறக்காதீர்கள், ஒரு நிமிடப் படம் எடுங்கள்

கேள்வி: சினிமா கற்க வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேர்ந்து, பாதிப் பாடங்களைப் பார்த்து முடித்துவிட்டேன். நோட்டு நிறையக் குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் இதுவரை ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை. எல்லாப் பாடங்களையும் முடித்து, நல்ல கேமரா வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று நினைக்கிறேன். இது சரியா?

பதில்: வேண்டாம். அடுத்த பாடத்தை இப்போதைக்குத் திறக்காதீர்கள். கையில் இருக்கும் போனே போதும்.

நான் படத்தொகுப்பு செய்பவன். புதியவர்கள் எடுத்து வரும் காட்சிகளை நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் கேமராவில் குறை இருக்காது. ஒரு ஷாட்டை அடுத்த ஷாட்டோடு ஒட்ட முடியாமல்தான் தவிப்போம். அது ஏன் என்பது, எடுத்தவரே உட்கார்ந்து வெட்டிப் பார்த்தால்தான் உறைக்கும்.

ஒருவர் அறைக்குள் வருகிறார், எதையோ தேடுகிறார், கண்டெடுக்கிறார். வசனம் கிடையாது. இவ்வளவுதான் கதை. முழுச் செயலையும் முதலில் வைட் ஷாட்டில், அதாவது ஆளும் அறையும் முழுதாகத் தெரியும்படி எடுங்கள். பிறகு அதே செயலை முதலிலிருந்து திரும்பச் செய்யச் சொல்லி முகத்தை மட்டும் எடுங்கள். மூன்றாவது முறை கைகளை. ஒவ்வொரு ஷாட்டிலும் செயல் தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பின்பும் ஐந்து விநாடி கேமரா ஓடட்டும். இதை ஒரு நிமிடப் படமாக வெட்டுங்கள். வெட்டும்போதுதான் பிழைகள் தெரியும். வைட் ஷாட்டில் வலது கையால் திறந்த இழுப்பறையை க்ளோசப்பில் இடது கை திறந்திருக்கும். கை நகரும் அந்தக் கணத்தில் வெட்டினால் கட் கண்ணில் படாது, கை நின்றபின் வெட்டினால் துருத்திக்கொண்டு தெரியும். கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி பிசகாமல் இருப்பது பற்றிய பாடத்தில் எழுதிவைத்த குறிப்புக்கு அப்போதுதான் உயிர் வரும். இருவர் பேசும் காட்சியில் அவர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டக் கூடாது என்ற 180 டிகிரி விதியும் அப்படித்தான். ஒருமுறை வேண்டுமென்றே தாண்டி எடுத்து ஒட்டிப் பாருங்கள். எதிரெதிரே நிற்கும் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் இருக்கும்.

கேமரா இல்லாமல் சினிமா படிக்க முடியுமா என்று யாராவது கேட்டால் நான் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவின் வகுப்பைத்தான் சொல்வேன். 1919இல் மாஸ்கோவில் திரைப்படப் பள்ளி தொடங்கியபோது கச்சா பிலிமுக்குக் கடும் பஞ்சம். அவருடைய மாணவர்கள் பிலிம் இல்லாமலே காட்சிகளை நடித்துப் பழகினார்கள், பழைய படங்களைப் பிரித்து மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்துக்கு அடுத்து சூப் தட்டின் ஷாட்டை ஒட்டினால் பார்ப்பவருக்கு அந்த முகத்தில் பசி தெரியும், சவப்பெட்டியை ஒட்டினால் துயரம் தெரியும். எனக்கு இன்றும் வியப்பு தீராத சோதனை அது. ஒரு நண்பரைச் சும்மா பார்க்கச் சொல்லிப் படம்பிடித்து நீங்களும் செய்து பாருங்கள்.

போனில் எடுக்கும்போது ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஷாட்டின் நடுவே வெளிச்சம் ஏறி இறங்கும். விநாடிக்கு 24 அல்லது 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று வைத்தால் அசைவு இயல்பாக இருக்கும். ஜூம் வேண்டாம், நடந்து கிட்டே போங்கள்.

அப்புறம் ஒலி. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் காதில் விழாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். இன்னொரு போனை நடிப்பவருக்குப் பக்கத்தில் மறைத்துவைத்துப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல் இருந்தால் படத்தையும் ஒலியையும் பிற்பாடு பொருத்துவது எளிது. கிளம்பும் முன் யாரும் பேசாமல் அந்த அறையின் ஒலியை முப்பது விநாடி பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே விழும் பள்ளங்களை நிரப்ப அது கட்டாயம் தேவைப்படும்.

கேள்வி: இத்தனை ஆன்லைன் வகுப்புகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? எடிட்டிங் மென்பொருளுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டுமா?

பதில்: பாடத்திட்டத்தின் நீளத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் எடுத்ததை யாராவது பார்த்து, இந்த இடத்தில் ஏன் வெட்டினாய் என்று கேட்பார்களா என்று விசாரியுங்கள். அது இருக்கும் சிறிய வகுப்பே மேல். அப்படி ஆள் இல்லையென்றால், உடன் படிக்கும் இருவரைச் சேர்த்துக்கொண்டு ஒருவர் எடுத்ததை மற்றவர் வெட்டுங்கள். மென்பொருளுக்குச் செலவு வேண்டாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் வெட்டலாம், வண்ணம் திருத்தலாம், ஒலியும் கலக்கலாம்.

கேள்வி: வகுப்பு முடிந்ததும் தரும் சான்றிதழ் உதவி இயக்குநராகச் சேர உதவுமா?

பதில்: நான் வேலை செய்த இடங்களில் சான்றிதழை யாரும் கேட்டதில்லை. என்ன செய்திருக்கிறாய், காட்டு என்றுதான் கேட்பார்கள். அதற்கு அந்த ஒரு நிமிடப் படத்தை எடுத்துச் செல்லுங்கள்.