சேவ் செய்ததும் சிவப்புக் கோடு!

கேள்வி: வி.எஸ். கோட் எடிட்டரில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறேன். ஈஎஸ்லின்ட், ப்ரெட்டியர் இரண்டும் போட்டிருக்கிறேன். சேவ் செய்தால் வரிகள் ஒரு நொடி துள்ளுகின்றன, அப்புறம் ஃபைல் முழுக்கச் சிவப்புக் கோடு. எதைத் தூக்குவது?

பதில்: எதையும் தூக்க வேண்டாம். ஈஎஸ்லின்ட் நிரலில் பிழை தேடும் கருவி, ப்ரெட்டியர் நிரலை ஒரே சீராக அடுக்கித்தரும் கருவி, அதாவது ஃபார்மேட்டர். அடுக்குகிற ஒரே வேலையை இரண்டு பேரிடம் கொடுத்திருக்கிறீர்கள், அதுதான் சிக்கல்.

ஒரு வரியை மட்டும் பாருங்கள். 'வணக்கம்' ஒற்றை மேற்கோளில் இருக்க வேண்டும் என்பது உங்கள் ஈஎஸ்லின்ட் விதி என்று வைத்துக்கொள்வோம். சேவ் அழுத்தியதும் வி.எஸ். கோட் முதலில் ஈஎஸ்லின்டின் திருத்தங்களை ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஃபார்மேட்டரைக் கூப்பிடும். ஈஎஸ்லின்ட் ஒற்றை மேற்கோள் போட்டுவிட்டுப் போக, பின்னால் வரும் ப்ரெட்டியர், நீங்கள் வேறு எதுவும் சொல்லிவைக்காததால், தன் வழக்கப்படி அதை "வணக்கம்" என்று இரட்டை மேற்கோளாக்கிவிடும். கடைசியாகக் கை வைத்தது ப்ரெட்டியர், குறை சொல்வது ஈஎஸ்லின்ட். நூறு முறை சேவ் செய்தாலும் இதே கதைதான். தயவுசெய்து எரிச்சலில் ஃபைலின் தலையில் 'ஈஎஸ்லின்ட்-டிசேபிள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மொத்தச் சோதனையும் அணைந்து நிஜப் பிழைகளும் அதோடு மறைந்துபோகும்.

மேற்கோள், செமிகோலன், இடைவெளி, வரி நீளம் எல்லாவற்றையும் ப்ரெட்டியரிடம் விட்டுவிடுங்கள். பயன்படுத்தாத மாறி, அறிவிக்காத பெயர் போன்றவற்றை ஈஎஸ்லின்ட் பார்க்கட்டும், அதில்தான் அது கெட்டி. ஈஎஸ்லின்ட் குழுவே 2023-இல் தன் ஃபார்மேட்டிங் விதிகளை ஒதுக்கிவிட்டது. மோதுகிற விதிகளை அணைக்க 'ஈஎஸ்லின்ட்-கான்ஃபிக்-ப்ரெட்டியர்' என்ற பேக்கேஜ் இருக்கிறது. அதை ஈஎஸ்லின்டின் கான்ஃபிக் (விதிகளைச் சொல்லும் ஃபைல்) பட்டியலில் கடைசியாகப் போடுங்கள், நடுவில் போட்டால் பின்னால் வருவது அணைத்த விதியை மறுபடி எழுப்பிவிடும், பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். அதே பேக்கேஜை டெர்மினலில் என்பிஎக்ஸ் (பேக்கேஜை ஓட்டும் கட்டளை) வழியாக ஒரு ஃபைலின் பெயரோடு ஓட்டினால், இன்னும் மோதும் விதிகளைப் பெயர் சொல்லிக் காட்டும். வி.எஸ். கோட் செட்டிங்ஸில் டிஃபால்ட் ஃபார்மேட்டர் ப்ரெட்டியர்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணினியில் சரியாகி, கூட வேலை செய்பவரிடம் மட்டும் வரிக் கடைசியில் கமா முளைத்தால் வெர்ஷனைப் பாருங்கள். ப்ரெட்டியர் 3-இல் அந்தக் கமாவின் வழக்கமே மாறிவிட்டது. புராஜெக்டுக்குள்ளேயே ஒரே வெர்ஷனை இன்ஸ்டால் செய்தால் வி.எஸ். கோடில் சேர்த்த ப்ரெட்டியர் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் இணைப்பு) அதையே எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் துள்ளினால், வி.எஸ். கோடின் கமாண்ட் பேலட்டில் (கட்டளைகளைத் தேடி ஓட்டும் பெட்டி) 'எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' ஓட்டுங்கள். பாதி எக்ஸ்டென்ஷன்களை அணைத்துவிட்டு, சிக்கல் இன்னும் வருகிறதா என்று உங்களையே கேட்கும், நாற்பது இருந்தாலும் ஆறேழு கேள்வியில் ஆளைப் பிடித்துவிடலாம்.