மகள் பாலையும் விட்டுவிட்டாள் என்ற கவலைக்கு

வணக்கம் சகோதரி. கல்லூரி செல்லும் மகள் இறைச்சி, மீனோடு பால், தயிரையும் நிறுத்திவிட்டாள் என்றும், மீன் இல்லாமல் உடம்பில் இரத்தம் ஊறாது என்று உங்கள் கணவர் தினமும் கடிந்துகொள்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள்.

உயிர்களிடம் கொண்ட இரக்கத்தால் மகள் எடுத்த முடிவை நான் மதிக்கிறேன்; அதை வற்புறுத்தி மாற்ற முயல வேண்டாம். புரதம் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. பருப்பு, சுண்டல், நிலக்கடலை, சோயா ஆகியவற்றை நாள்தோறும் போதிய அளவு உண்டால் அது கிடைத்துவிடும். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. இரும்புச்சத்துக்குக் கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ப்பதும், சாப்பிட்டவுடன் தேநீர் அருந்தாதிருப்பதும் நல்லது.

உண்மையில் அஞ்ச வேண்டியது வைட்டமின் பி12 குறைபாட்டைத்தான். அதை நுண்ணுயிர்களே உருவாக்குகின்றன. தாவர உணவிலிருந்து நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை, பழைய சோறும் இட்லி மாவும் அதற்கு ஈடாகா. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறைபாடு தாமதமாகவே தெரியும். கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேட் என்னும் வைட்டமின் இரத்தசோகையை மறைத்துவிட, கைகால் மரத்துப்போதல் போன்ற நரம்புப் பாதிப்பே முதலில் வெளிப்படலாம். ஆகவே ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல், பி12 அளவையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் சோதித்து, மருத்துவர் கூறும் அளவில் பி12 மாத்திரையைத் தவறாமல் எடுக்கச் செய்யுங்கள். கேப்சூல்களின் உறை பெரும்பாலும் விலங்கு ஜெலட்டினால் ஆனது என்பதால், வாங்கும்போது மாத்திரை வடிவத்தையே கேளுங்கள்.