இரவு ஜெபத்தில் தூங்கிவிடும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்வது எப்படி?

கேள்வி: கேரளத்தின் வண்டிப்பெரியாற்றில் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வசிக்கிறோம். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. தினமும் இரவு எட்டரைக்குக் குடும்ப ஜெபம். மாமியார் ஓர் அதிகாரம் வாசிப்பார். பாதியிலேயே மகள் தூங்கிவிடுகிறாள், மகன் நெளிகிறான். பள்ளியில் மலையாளம் படிக்கும் அவனுக்கு வேதத்தின் தமிழ் புரியவில்லை. மலையாளத்துக்கே மாறிவிடலாமா? அடங்காதபோது "இயேசப்பா கண்ணைக் குத்திவிடுவார்" என்று சொல்லிவைத்தேன். இப்போது ஜெபத்துக்குக் கண்ணை மூடவே மகள் பயப்படுகிறாள். கைப்பேசியில் பைபிள் கார்ட்டூன் காட்டலாமா?

பதில்: சகோதரி, மகளின் பயத்தை முதலில் எடுத்துவிடுவோம். மற்றவை காத்திருக்கலாம்.

"சாமி கண்ணைக் குத்தும்" என்பது நம் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் மிரட்டல். நாம் சாமியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இயேசுவை வைத்துவிட்டோம். சுவிசேஷத்தில் நடப்பதோ நேர்மாறு. எரிகோ வழியோரத்தில் இரண்டு குருடர்கள் கூப்பிட்டபோது, "இயேசு மனதுருகி, அவர்கள் கண்களைத் தொட்டார்" என்கிறது மத்தேயு 20-ஆம் அதிகாரம். இன்றைக்கே மகளை மடியில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள். "தொட்டார்" என்று வரும்போது உங்கள் விரல் நுனியால் அவள் இமையை மெல்லத் தொடுங்கள். பிறகு, "அம்மா அன்றைக்குச் சொன்னது தப்பு. இயேசப்பா கண்ணைக் குத்தமாட்டார்" என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். சொன்னவரே திருத்தினால்தான் பிள்ளை நம்பும். அதுவரை கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கட்டும். கண்ணை மூடித்தான் ஜெபிக்கவேண்டும் என்று வேதத்தில் எங்கும் கட்டளை இல்லை. யோவான் 17-இல் இயேசுவே தம் கண்களை வானத்துக்கு ஏறெடுத்துத்தான் ஜெபிக்கிறார்.

அடுத்தது நேரம். எட்டரை மணிக்கு நான்கு வயதுப் பிள்ளை தூங்குவது பக்திக் குறைவு அல்ல. பிள்ளைகளுக்கான ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால், ஏழு மணிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு சிறு ஜெபம். பத்து நிமிடம் போதும். மாமியாரின் அதிகார வாசிப்பை நிறுத்தவேண்டாம், அவர் மனம் நோகும். பிள்ளைகள் படுத்தபிறகு பெரியவர்கள் சேர்ந்து வாசிக்கலாம். ஏழு மணிக்கு அவருக்கு வேறொரு பங்கு கொடுங்கள்: ஜெபம் முடிந்ததும் பேரப்பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கட்டும். பாட்டியின் கை தலையில் பட்டது, வாசித்த அதிகாரத்தைவிட நெடுநாள் நினைவில் நிற்கும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சிறு பிள்ளைகளுக்கு வேதத்தை வாசிக்காதீர்கள், சொல்லுங்கள். பகலில் நீங்கள் தனியாக இரண்டு தடவை வாசித்துக்கொள்ளுங்கள். மாலையில் புத்தகத்தை மடியில் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து உங்கள் சொந்தப் பேச்சில் சொல்லுங்கள். கதை அந்தப் புத்தகத்திலிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தால் போதும். இயேசுவைப் பார்க்க மரமேறிய சகேயு கதை என்றால் மகளை ஸ்டூலின்மேல் ஏற்றிவிடுங்கள். அதுதான் காட்டத்தி மரம். மகன் கீழே நின்று, "சகேயுவே, சீக்கிரமாய் இறங்கிவா" என்று கூப்பிடட்டும். ஒரே கதையை ஒரு வாரம் முழுவதும் சொல்லுங்கள். நமக்குத்தான் அலுக்கும். நான்கு வயதுக்கு, தெரிந்த கதையில் அடுத்தது என்ன என்று முந்திக்கொண்டு சொல்வதில்தான் இன்பம்.

ஏழு வயதுக்காரனுக்கு நியாயம் பேசும் வயது. கம்பம் பக்கத்திலிருந்து குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப்புகளை அவன் பார்த்திருப்பான். அங்கிருந்து தொடங்கி, மத்தேயு 20-இன் தொடக்கத்தில் உள்ள கூலியாட்கள் கதையைச் சொல்லுங்கள். விடிகாலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், "பதினோராம் மணி வேளையில்" வந்தவனுக்கும் ஒரு பணம். அந்தக் காலத்தில் விடியலிலிருந்து மணியை எண்ணுவார்கள். பதினோராம் மணி என்றால் நம் மாலை ஐந்து. கொழுந்து நிறுத்துக் கூலி வாங்கும் வீட்டுப் பிள்ளை இதைக் கேட்டதும், "அது அநியாயம் அல்லவா!" என்பான். சொல்லட்டும். அவசரமாக விளக்கம் கொடுத்து அவன் வாயை அடைக்காதீர்கள். "ஐந்து மணிவரை யாரும் வேலைக்குக் கூப்பிடாதவன் வீட்டில் அன்றைக்குச் சோறு எப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். மறுநாள் அவனே வந்து பேசுவான். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். உடனே ஒப்புக்கொள்ளும் பிள்ளையைவிடச் சண்டை போடும் பிள்ளைதான் கதையை மறப்பதில்லை.

மொழியைப் பற்றிக் கேட்டீர்கள். மலையாளம் படிக்கட்டும், மலையாள வேதத்தையும் வாசிக்கட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் எந்த மொழியில் அழுகிறீர்களோ, கொஞ்சுகிறீர்களோ, அந்த மொழியில்தான் பிள்ளையோடு ஜெபிக்கவேண்டும். வீட்டு ஜெபம் தமிழிலேயே இருக்கட்டும். மாமியார் கையில் இருப்பது பழைய திருப்புதல் என்று நினைக்கிறேன். ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871-இல் வந்த மொழிபெயர்ப்பு அது. பிள்ளைக்குப் புரியாததில் வியப்பில்லை. மனப்பாட வசனத்துக்கு அதன் ஓசை ஈடு இணையற்றது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பதை மாதம் ஒரு வசனம் என்ற கணக்கில் அப்படியே சொல்லிக்கொடுங்கள். கதைக்கு ஆயத்தப்பட 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "பரமண்டலங்களில்" என்றால் "பரலோகத்தில்" என்று ஒரு வரி சொன்னால் தீர்ந்தது. பள்ளியில் கேட்கும் பத்ரோஸ்தான் நம் பேதுரு, யோஹன்னான்தான் யோவான் என்றும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் வேறு வேறு ஆட்கள் என்று நினைத்துக்கொள்வான்.

சில இடங்களில் உங்கள் பிள்ளைகளுக்கு நகரத்துப் பிள்ளைகளைவிட வேதம் கிட்டத்தில் இருக்கிறது. கனிகொடுக்கிற கொடியைப் பிதா "சுத்தம்பண்ணுகிறார்" என்கிறது யோவான் 15. சுத்தம் என்றதும் பிள்ளை துடைப்பத்தை நினைக்கும். "கவாத்து" என்று சொல்லிப்பாருங்கள். தேயிலைச் செடியைக் கவாத்து செய்ததும் வெறும் குச்சியாக நிற்பதையும், பிறகு தளிர் வருவதையும் அவன் வாசலிலிருந்தே பார்த்தவன். அடுத்த முறை கம்பத்துக்கு இறங்கும்போது ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் அனுமதி கேட்டு, பந்தலின் கீழே நிற்கவையுங்கள். கொடி எங்கே தண்டோடு சேர்கிறது என்று மகன் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். வெட்டிப்போட்ட கொடி ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து ஜன்னலில் வைத்தால், இரண்டே நாளில் வாடுவதை இருவரும் பார்ப்பார்கள்.

கதைத் தேர்வில் ஒரு கவனம். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப்போன நிகழ்ச்சியை நான்கு வயதுக்குச் சொல்லவேண்டாம். அப்பாவைப் பார்த்தே பயப்படுவாள். சிலுவையைச் சொல்லும்போது உயிர்த்தெழுதலையும் அதே மாலையில் சொல்லிமுடியுங்கள். வெள்ளிக்கிழமையோடு தூங்க அனுப்பாதீர்கள்.

கார்ட்டூன் வாரத்துக்கு ஒன்று போதும், அதுவும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து. முடிந்ததும் கைப்பேசியை அணைத்துவிட்டு, "எனக்குச் சொல் பார்க்கலாம்" என்று கேளுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளின் சொந்த ஜெபம். பெரியவர்களின் வாக்கியங்களை அவர்கள் வாயில் வைக்காதீர்கள். பக்கத்து லயத்து ஆட்டுக்குட்டியின் கால் சரியாகவேண்டும் என்று மகள் ஜெபித்தால், திருத்தாமல் ஆமென் சொல்லுங்கள். காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஆட்டுக்குட்டியைப் பாருங்கள்.