பிளக், காயில் எல்லாம் மாற்றியும் வேன் மிஸ் அடிப்பது நிற்கவில்லை, அடுத்து எதைப் பார்ப்பது?

நீங்கள் சொன்னது இதுதான்: ஏழு பேர் உட்காரும் குடும்ப வேன், நான்கு சிலிண்டர், பெட்ரோலும் சிஎன்ஜியும். சிக்னலில் நின்றால் உதறுகிறது, ஸ்கேனரில் பி0303 என்ற கோடு (கோளாறைச் சொல்லும் குறியீடு) வருகிறது, பிளக்கும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் காயிலும் மாற்றி கோடை அழித்து அனுப்புகிறார்கள், கொஞ்ச நாளில் செக் இன்ஜின் லைட் மறுபடி எரிகிறது.

பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது மட்டும்தான். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்குக்கு (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) கிடைக்கிற உந்தல் குறைகிறதா என்று பார்த்துத்தான் இசியு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், அதைக் கண்டுபிடிக்கிறது, ஏன் எரியவில்லை என்று அதற்குத் தெரியாது. ஆனால் நம்மூரில் மிஸ்ஃபயர் கோடு வந்தாலே காயில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடுவதால் பழக்கம் மாறுவதில்லை.

வாங்குவதற்கு முன் இடம் மாற்றிப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, மூன்றாவது காயிலை இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை இங்கே போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0303தான் என்றால் காயிலை விட்டுவிட்டு பிளக்கை அதேபோல மாற்றிப் போடுங்கள். பிளக்கைக் கழற்றும்போது பீங்கான் பகுதியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் கரண்ட் அந்த வழியாகக் கசிகிறது, பிளக்கோடு காயிலின் அடியில் பிளக்கை மூடும் ரப்பர் உறையையும் (பூட்) மாற்ற வேண்டும். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் டேப்பெட் கவர் (இன்ஜின் மேல்மூடி) பேக்கிங் போயிருக்கிறது, அதை விட்டுவிட்டு எத்தனை பிளக் போட்டாலும் வீண். பழைய மாடல் சிலவற்றில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே காயில். அதில் ஒன்றும் நான்கும், அல்லது இரண்டும் மூன்றும் ஜோடியாக மிஸ் ஆனால் காயில் மேல் சந்தேகப்படலாம்.

உங்கள் வண்டியில் காசே செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மாற்றும் சுவிட்ச். பெட்ரோலில் மட்டும் உதறினால் பெட்ரோல் இன்ஜெக்டரைப் பாருங்கள், மாதக்கணக்கில் கேஸிலேயே ஓட்டினால் டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலும் காரணமாகலாம். கேஸில் மட்டும் என்றால் கேஸ் இன்ஜெக்டர், கேஸ் ஃபில்டர், இல்லை பிளக் முனையில் இருக்கும் இடைவெளி (கேப்). சிஎன்ஜியைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால் பெட்ரோலில் சமாளித்துக்கொண்டு ஓடும் பிளக் கேஸில் மாட்டிக்கொள்ளும். இரண்டிலும் ஒரே மாதிரி உதறி, காயிலும் பிளக்கும் இடம் மாறியும் கோடு மாறவில்லை என்றால் இன்ஜினுக்குள்ளேதான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டு வேனில் நடந்தது அதுதான். காலையில் ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடும், சூடேறியதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் நிற்கும்போது) உதறும், நெடுஞ்சாலையில் ஒன்றுமே தெரியாது. காயில், பிளக், இன்ஜெக்டர் க்ளீனிங் எல்லாம் முடிந்த பிறகு ஒரு வயதான மெக்கானிக், "டேப்பெட் சத்தமே கேக்கலயேப்பா" என்றார். டேப்பெட் என்பது வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம், நடுவே விடும் சிறு இடைவெளியால்தான் அந்தச் சத்தம். சத்தம் இல்லாவிட்டால் நல்லதுதானே என்று நாம் நினைப்போம். ஆனால் சிஎன்ஜி காய்ந்த எரிபொருள், அதில் நீண்ட நாள் ஓடும்போது வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறிக்கொண்டே வரும், டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே போகும், சூட்டில் வால்வு நீளும்போது இடைவெளியே இல்லாமல் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) கசியும். இன்ஜின் ஆறியதும் கவரைத் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தார், மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வில் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. அளவு வைத்து மூடினார், உதறல் போய்விட்டது.

ஸ்க்ரூ வைத்த டேப்பெட் என்றால் இது சாதாரண வேலை, ஷிம் (மெல்லிய வில்லை) அல்லது பக்கெட் (கிண்ணம் மாதிரியான மூடி) என்றால் சரியான தடிமனில் வாங்கிப் போட வேண்டும், ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் என்றால் அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது. அளவு உங்கள் இன்ஜின் மேனுவலில் இருக்கும், பொதுவாக எக்ஸாஸ்ட்டுக்கு இன்டேக்கைவிடக் கொஞ்சம் அதிகம் விடுவார்கள்.

அதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் போடச் சொல்லுங்கள், இன்ஜின் சூடாக இருக்கும்போதே. மொத்த அளவைவிட நான்குக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். மூன்றாவது மட்டும் குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும்: ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். கூலண்ட் காரணமில்லாமல் குறைந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் உதறி, வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கேஸ்கெட் பக்கம் போங்கள். எந்த சிலிண்டர் என்று சொல்லாத பி0300ம் சேர்ந்து வந்தால் ஏர் லீக்கையும் (இன்ஜினுக்குள் காற்று கசிந்து நுழைவது) பார்க்கலாம், ஆனால் ஒரே சிலிண்டர் விடாமல் மாட்டுவதால் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு.

அப்புறம், லைட் நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத எரிபொருள் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், உள்ளே இருக்கும் செராமிக் உருகிவிடும். அதன் விலைக்கு நாலு காயிலும் டேப்பெட் வேலையும் முடித்துவிட்டு மிச்சமும் பார்க்கலாம்.